வயலுக்கும் வாடகை உண்டு

நம் சங்கத்துக் குடும்பங்களில் கல்யாணம் நிச்சயமானதும் இப்போது ஒரு புதுச் சடங்கு வந்து சேர்ந்திருக்கிறது. பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு நாள் முழுக்க எங்காவது போய் நின்று, நடந்து, சிரித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒன்றை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ரிசப்ஷன் வாசலில் வைக்க வேண்டும். இது அவசியமா, அநாவசியமா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. என் கல்யாணத்தில் எடுத்த ஒரே ரோல் பிலிமில் பாதிப் படங்களில் எனக்குக் கண் மூடியிருக்கிறது; மீதியில் என் மனைவிக்கு. ஆகவே பிள்ளைகள் நல்ல படத்துக்கு ஆசைப்படுவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. நான் சொல்ல வந்தது, அந்தப் படத்தில் அவர்களுக்குப் பின்னால் மஞ்சளாகத் தெரிகிறதே, அந்த வயலைப் பற்றி.

மைசூரில் இருக்கும் நமக்கு அந்த வயல் பெரும்பாலும் குண்டலுபேட்டையில்தான். நஞ்சன்கூடு வழியாக சுமார் 60 கிலோமீட்டர். ரயிலில் போக முடியாது; எங்கள் லைன் நஞ்சன்கூடு தாண்டிச் சாமராஜநகர் பக்கம் திரும்பிவிடும். குண்டலுபேட்டையில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுல்தான் பத்தேரி வழியாக வயநாட்டுக்கு, மற்றது பந்திப்பூர்க் காட்டு வழியாக ஊட்டிக்கு. நம்மில் பாதிப் பேர் ஊட்டிக்கும் குன்னூருக்கும் போய்வந்த சாலைதான். சித்திரை, வைகாசி மழையில் விதைத்த சூரியகாந்தி அங்கே ஆனி, ஆடியில் சாலையின் இரு பக்கமும் பூத்து நிற்கும். காட்டுச் சாலையை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். திறந்த கொஞ்ச நேரத்தில் கேரளத்து வண்டிகளும் வந்து சேர்ந்துவிடும். பூவைப் பார்த்ததும் பிரேக் போடாத டிரைவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பக்கத்துக் காடுகளில் செண்டுமல்லி. அது மாலை கட்டுவதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. ஓணத்துக்குக் கேரளம் போவது போக, பெரும் பங்கு ஒப்பந்தப்படி சாயம் எடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. அந்த மஞ்சள் கோழித் தீவனத்தில் சேர்ந்து முட்டைக் கருவுக்கு நிறம் கொடுக்கிறது. கண்ணுக்கு நல்லது என்று நாம் வாங்கும் மாத்திரையிலும் இருக்கிறது. சூரியகாந்தியோ எண்ணெய் வித்து. ஆக, இரண்டும் யாரோ முதல் போட்டு, விலையை நம்பி வளர்க்கிற பயிர். தோட்டக்கலைத் துறையின் பூங்கா அல்ல. இந்தச் சின்ன விஷயம் எனக்கே உறைக்க ஒரு வருடம் ஆயிற்று.

2024 ஆடியில் என் தம்பி மகளுக்குப் படம் எடுக்கப் போனோம். கல்யாணம் ஆவணியில். ஆடி மாதம் என்றதும் எண்பத்தெட்டு வயதான என் அம்மா, "கல்யாணமான ஜோடியையே ஆடியில் பிரிச்சு வைப்போம். இதுங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ஜோடியாப் போய் வயல்ல நிக்கணுமா?" என்று கேட்டார். தம்பி மகள் சளைக்கவில்லை. "பாட்டி, சூரியகாந்திக்கு ஆடி, ஆவணி தெரியாதே" என்றாள். மேற்கொண்டு யாரும் பேசவில்லை. நான் துணைக்குப் போனேன். எனக்குக் கன்னடம் வரும் என்பது ஒரு காரணம். கேங்மேன்களிடம் கற்ற கன்னடம். இலக்கணம் இருக்காது, ஆனால் வேலை நடக்கும்.

காலை 5 மணிக்கு இரண்டு வேனில் பதினோரு பேர். அதில் போட்டோப் பார்ட்டி மட்டும் ஐந்து பேர். ஒருவர் ஸ்டில், ஒருவர் வீடியோ, ஒருவர் ட்ரோன், வெள்ளித்தாள் ஒட்டிய ரிஃப்ளெக்டரைத் தூக்க ஒரு பையன், மேக்கப்புக்கு ஒரு பெண். குண்டலுபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் நல்ல வயல் ஒன்று. சாலையோரத்தில் ஒரு குடை, அதன் கீழ் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் இருபது வயதுப் பையன். "ஆளுக்கு 50, சார்" என்றான். பதினோரு பேருக்கு 550. நான் பேரம் பேசி 300-இல் முடித்தேன். முப்பத்தைந்து வருடம் கான்ட்ராக்டர்களின் பில்லைப் பார்த்த கை அல்லவா! தம்பி என்னைப் பெருமையாகப் பார்த்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

உள்ளே போனதும் நடந்ததைச் சொல்கிறேன். ஓரத்தில் நின்றால் சாலையும் மின்கம்பமும் படத்தில் விழுகிறது என்று போட்டோக்காரர் இருபது வரிசை உள்ளே போனார். வரிசைக்கு வரிசை இரண்டடி இடைவெளி. தம்பி மகள் உடுத்தியிருந்த கவுனின் விரிவு ஐந்தடி இருக்கும். ரயில்வேயில் வேகனின் அளவை மீறிய சரக்கை ஓ.டி.சி. என்போம். அதற்குத் தனி அனுமதி, தனி வேகம், கூடவே ஆள். இங்கே ஓ.டி.சி. எந்த அனுமதியும் இல்லாமல் நுழைந்தது. முகத்தை மறைத்த செடிகளைப் பையன் வளைத்துக் காலால் மிதித்துக்கொண்டான். பிறகு இலைகளைக் கிள்ளினார்கள். பிறகு கலர்ப் புகை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். படங்கள் நன்றாக வந்தன, அதை மறுக்க மாட்டேன்.

அப்போது ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். இடுப்பில் அரிவாள், தலையில் புல்கட்டு. கத்தவில்லை, திட்டவில்லை. புல்கட்டை வரப்பில் இறக்கிவிட்டு, உடைந்த செடிகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு யாரைக் கேட்டு வந்தீர்கள் என்றார். பணம் கொடுத்தாயிற்று என்றேன். யாரிடம்? நாற்காலியைக் காட்டினேன். நாற்காலி இருந்தது, குடை இருந்தது, பையன் இல்லை. சாலையை ஒட்டிய துண்டு நிலம்தான் அவனுடைய மாமாவுக்குச் சொந்தமாம். நாங்கள் நின்றது இந்த அம்மாள் 'குத்திகே'க்கு எடுத்துப் பயிர் செய்கிற நிலம். நம் குத்தகையைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். பையனுக்கும் இந்த வயலுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆயிரம் ரூபாய் கேட்டார். "அங்கிள், இவங்க எல்லாம் இப்படித்தான். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வருவாங்க. விடுங்க" என்றார் போட்டோக்காரர். தம்பி ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்தான். நானோ எனக்குத் தெரிந்த கன்னடத்தில், 300 கொடுத்தாயிற்று, அந்தப் பையனிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஸ்டேஷன் கவுன்டரில் பேசுவது போலச் சொன்னேன். அந்த அம்மாள் நூறை வாங்கவில்லை. "கேட்டிருந்தால் கிணற்றுப் பக்கம் விதை முளைக்காமல் போன இடம் இருக்கிறது. சுற்றிப் பூ, நடுவில் வெறும் மண். அங்கே நிற்க வைத்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். முறிந்த செடிகளை அறுத்துப் புல்கட்டோடு சேர்த்துக்கொண்டு போய்விட்டார். மாட்டுக்காவது ஆகட்டும் என்று.

திரும்பும் வழியில் என் மனசாட்சியை ஒரு கணக்கால் சமாதானம் செய்தேன். அந்தக் கணக்கை இங்கே போடுகிறேன், பாருங்கள். சூரியகாந்தியை இரண்டடிக்கு ஓரடி என்று விதைக்கிறார்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக ஏக்கருக்குச் சுமார் 21,780 செடி. கலப்பின ரகத்தில் ஒரு செடிக்கு ஒரே பூதான். ஏக்கருக்கு 6 குவிண்டால் விளைந்தால் ஒரு பூவுக்கு 27, 28 கிராம் விதை. 2024-25-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,280 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் ஒரு பூ 2 ரூபாய். நாங்கள் உடைத்தது அறுபது செடி என்றால் நஷ்டம் 120 ரூபாய். ஆயிரம் கேட்டது அதிகம்தானே? நஞ்சன்கூடு வரும் வரை இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதற்கப்புறம்தான் அதே கணக்கை இன்னும் இரண்டு வரி நீட்டினேன். 6 குவிண்டாலுக்கு 7,280 வீதம், ஏக்கரின் மொத்த வரவே 43,680 ரூபாய். விதை, உரம், உழவு, ஆள் கூலி, குத்தகை எல்லாம் இதற்குள்தான். அதுவும் ஆதரவு விலை கைக்கு வந்தால். அன்றைய தினத்துக்கும் ஆல்பத்துக்கும் சேர்த்து நாங்கள் போட்டோப் பார்ட்டிக்குப் பேசியிருந்தது 65,000. அதாவது, அந்த அம்மாள் மூன்று மாதம் பாடுபட்டு ஒரு ஏக்கரில் எடுப்பதைவிட, அந்த ஏக்கருக்கு முன்னால் ஒரு காலை நேரம் நின்றதற்கு நாங்கள் அதிகம் செலவு செய்தோம். அதில் அவருக்கு ஒரு பைசா போகவில்லை. வேனில் யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. எல்லோரும் படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபது செடி என்பதும் எங்கள் ஒரு கோஷ்டியின் கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பூ பார்க்க அழகாக இருக்கும் இரண்டு வாரமும் பயிருக்கு முக்கியமான வாரங்கள். சூரியகாந்தியில் மணி பிடிக்கத் தேனீ வேண்டும். ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி வைத்தால் விளைச்சல் கூடும் என்று விவசாயத் துறையினர் சொல்வார்கள். தேனீக்கள் மும்முரமாக வருவது காலை நேரத்தில். கலர்ப் புகை போட்டு நாம் ஆடுவதும் அதே நேரத்தில்தான்.

நம் ஆட்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். அவற்றை நானே சொல்லியிருக்கிறேன். முதல் பதில், "நாங்க பூவைப் பறிக்கலையே, படம்தானே எடுத்தோம்?" கல்யாண மண்டபத்திலும் நாம் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வருவதில்லை. ஆனாலும் ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுத்து, கரண்ட் சார்ஜ் தனி, குப்பை அள்ளத் தனி என்று அவர்கள் நீட்டும் தாளில் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். மண்டபத்துக்காரருக்கு வாசலும் வாட்ச்மேனும் இருக்கிறார்கள். வயலுக்கு வாசல் இல்லை. வாசல் இல்லாத இடமெல்லாம் பொது இடம் என்று நமக்கு ஒரு எண்ணம்.

ரயில்வேயில் சினிமா ஷூட்டிங் நடந்த ஸ்டேஷன்களில் நானும் டியூட்டி பார்த்திருக்கிறேன். லைசென்ஸ் கட்டணம், டெபாசிட், இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டி, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு லைட்டைக்கூட இறக்க விடமாட்டோம். எத்தனை பேர், எந்த பிளாட்பாரம், எத்தனை மணி வரை என்று எல்லாம் காகிதத்தில் இருக்கும். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் தண்டவாளத்தில் இறங்கினால் விசில் ஊதுவோம். எங்களுக்கே அந்த விதிதான். தண்டவாளம் மாற்ற வேண்டும் என்றால் கன்ட்ரோலிடம் 'பிளாக்' கேட்க வேண்டும். இரண்டு மணி நேரம் கொடுத்தால் இரண்டு மணி நேரம். அதற்குள் வேலையை முடித்து லைனைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். என் சொந்த செக்ஷன், நான் பராமரிக்கிற லைன், ஆனாலும் கேட்காமல் ஒரு கிளிப்பைக் கழற்ற முடியாது. இப்படி வாழ்நாளெல்லாம் பிளாக் கேட்டுப் பழகியவன், ஓர் ஏழைக் குத்தகைதாரரின் வயலில் கேட்காமல் இறங்கினேன். பணம் கொடுத்தேன் என்றால், யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்தேன். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் போர்ட்டரிடம் டிக்கெட் வாங்கியதற்குச் சமம்.

இரண்டாவது பதில், "முன்னெல்லாம் யாரும் காசு கேக்க மாட்டாங்களே, இப்ப எல்லாத்துக்கும் ஆசை வந்துடுச்சு." முன்பெல்லாம் பூக்காட்டைப் பார்த்தால் குடும்பத்தோடு இறங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, அந்த வீட்டுக் குழந்தைக்கு இரண்டு மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தோம். யாரும் காசு கேட்கவில்லை என்பது உண்மை. 1992-இல் வந்த 'ரோஜா' படத்துக்காகப் பேர் போன சுந்தரபாண்டியபுரத்துக்கு, அதன் சூரியகாந்தியைப் பார்க்கவே இன்றும் ஆடியில் கேரளத்திலிருந்து கூட்டம் வருகிறது. பார்ப்பவர்கள் பார்க்கட்டும். வரப்பில் நின்று ஒரு படம் எடுக்கும் குடும்பத்தையும், ஐந்து ஆளும் மூன்று பெட்டியும் கொண்டு தொழில் செய்ய வரும் ஸ்டூடியோவையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். ஸ்டூடியோவுக்கு அந்த வயல் தொழில் செய்கிற இடம். அங்கே எடுத்த படத்தைத்தான் மாதிரி ஆல்பத்தில் ஒட்டி, அடுத்த கல்யாண வீட்டில் காட்டி அட்வான்ஸ் வாங்குகிறார்கள். மேக்கப்புக்கு இவ்வளவு, ட்ரோனுக்கு இவ்வளவு என்று கொட்டேஷன் கொடுக்கிறவர்கள், வயலுக்கு இவ்வளவு என்று ஒரு வரி எழுதட்டும். நாமும் அதைக் கேட்டு வாங்கலாம். "வயல் வாடகை எவ்வளவு, யாருக்குக் கொடுப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்பார்கள். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

காசு பார்க்கப் பழகினால் விவசாயி பயிரை விட்டுவிட்டுப் பூக்காட்சி நடத்தப் போய்விடுவார் என்று ஒரு நண்பர் கவலைப்பட்டார். போனால் போகட்டுமே. எண்ணெய் வித்தில் வராத பணம் அதில் வந்தால் அவர் போவதைத் தடுக்க நாம் யார்? நாம் ஊரை விட்டு வேலை தேடி வந்தவர்கள்தானே.

அந்த வருடப் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் நானும் மனைவியும் ஹிமவத் கோபாலசாமி பெட்டாவுக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனோம். வழியில் அந்த வயலில் இறங்கினேன். சூரியகாந்தி அறுப்பு முடிந்து கொள்ளு முளைத்திருந்தது. ஊருக்குள் பால் சொசைட்டியில் விசாரித்தால் யார் என்று உடனே சொல்லிவிட்டார்கள். ஆயிரம் ரூபாயை நீட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "தமிழ் பார்ட்டி, வெள்ளை கவுன்" என்றார். நம்மை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும். போன் நம்பர் கேட்டேன். மகனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்.

2025-இல் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் கல்யாணத்துக்கு அந்த நம்பர் பயன்பட்டது. இந்த முறை நான் பிளாக் கேட்கிற மாதிரியே கேட்டேன். விதைத்த தேதி மே 10. பூக்க 55 முதல் 65 நாள் ஆகும் என்றார். கூட்டிப் பார்த்து ஜூலை 12, சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். காலை 6.30 முதல் 8.30 வரை. எட்டுப் பேருக்கு மேல் வருவதில்லை. கிணற்றுப் பக்கத்தில் அவரே இரண்டு வரிசையைக் கலைத்து வழி விடுவார். அதைத் தாண்டிக் கால் வைப்பதில்லை. கலர்ப் புகை கிடையாது. ட்ரோனும் கிடையாது. காடு பக்கத்தில் இருப்பதால் அதற்கு விவசாயியின் சம்மதம் மட்டும் போதாது. மொத்தம் 3,000, பாதி முன்பணம். மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேட்டேன். இது முக்கியம். மருந்து அடித்த வயலில் பட்டுப்புடவையோடு குழந்தையையும் இறக்குகிறார்களே, யாராவது கேட்கிறார்களா? முதல் வாரத்தில் அடித்தால் சொல்கிறேன் என்றார். பிறகு அடிக்கவில்லை என்று மகன் சொன்னான்.

காலை நேரத்தைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. மொட்டாக இருக்கும்போதுதான் சூரியகாந்தி சூரியனோடு சேர்ந்து திரும்பும். முழுக்க மலர்ந்த பூ கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும், அதற்கப்புறம் திரும்பாது. சாயங்காலம் போய், பூவெல்லாம் முதுகைக் காட்டுகிறதே, விவசாயி ஏமாற்றிவிட்டானே என்று சண்டை போட்டவர்களும் உண்டு. அது போலவே, மழை பெய்த மறுநாள் அந்த மண் செருப்பைப் பிடித்தால் விடாது. செடியின் தண்டிலும் இலையிலும் சொரசொரப்பான ரோமம். வெறும் கையில் உரசினால் அரிக்கும். போட்டோக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். பயிர் வைத்தவரிடம் கேட்டால் சொல்வார்.

எல்லாம் இவ்வளவு கச்சிதமாகப் பேசியும் என்ன ஆயிற்று தெரியுமா? பூ வரவில்லை! மே கடைசியில் வானம் மூடிக்கொண்டே இருந்ததில் பயிர் ஒரு வாரம் பின்தங்கிவிட்டது. வியாழக்கிழமையே அந்த அம்மாளின் மகன் போன் செய்து, பாதிதான் மலர்ந்திருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளைப் பையனுக்கோ சனிக்கிழமை மட்டும்தான் லீவு. அவன் அப்பா முன்பணத்தைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டார். முடியாது என்றேன். நமக்காக அவர் இரண்டு வரிசையைக் கலைத்தாயிற்று. மழைக்கு அவர் ஜாமீன் கொடுக்கவில்லை. மண்டபத்துக்காரரிடம் தேதி மாறினால் அட்வான்ஸ் திரும்பாது என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்தான் அவரும்.

அந்தச் சனிக்கிழமையே போனார்கள். பாதி பூ, பாதி மொட்டு. போட்டோக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். பெண் என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தாள். கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து எடுத்த படம்தான் பிறகு ரிசப்ஷன் வாசலுக்குப் போயிற்று. 8.30-க்கு நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன், எல்லோரும் வெளியே வந்தார்கள். மீதி 1,500-ஐ அந்த அம்மாளின் கையில் கொடுத்தேன். மூன்று செடி சாய்ந்திருந்தது. அதற்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. சங்கக் கூட்டத்தில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்காருகிறார்.

சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம் என்பது என் யோசனை. குண்டலுபேட்டைப் பக்கம் யார் வயல், உண்மையில் பயிர் செய்கிறவர் யார், எப்போது விதைத்தார் என்று போய்வந்தவர்கள் எழுதிவைக்கட்டும். செயலாளர் சம்மதித்தால் முதல் பக்கத்தை நானே எழுதுகிறேன்.

போன மாதம் அந்த அம்மாள் தானே போன் செய்தார். அடுத்த முறை நிலத்தை இரண்டாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளி விட்டு விதைக்கப் போகிறாராம். ஒன்று தவறினாலும் மற்றது இருக்கும். "உங்கள் ஆட்களுக்கு எந்த மாதத்தில் கல்யாணம் அதிகம்?" என்று கேட்டார். ஆவணி, ஐப்பசி, தை என்று வரிசையாகச் சொல்லி, ஆடியில் மட்டும் கிடையாது என்றேன். "எங்களுக்கும் ஆஷாடத்தில் கிடையாது. ஆனால் பூ வருவது அப்போதுதானே? ஆடியில் படம் எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? வீட்டில் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி விதைக்கிறேன்" என்றார்.

அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.